நாரைத்திட்டுக்குப் போன ராஜா

மூங்கில்பாறைக் காட்டில் கோடையிலும் வற்றாத மடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தி சாயும் நேரத்தில் கண்டீரவன் என்ற சிங்கராஜா மடுவை ஒட்டிய பாறைமேல் ஏறி ஒரு தடவை கர்ஜிக்கும். அக்கரைப் புதரில் பதுங்கியிருக்கும் செந்நாய்கள் சிதறி ஓடும். அதன் பிறகே மான்களும் முயல்களும் தண்ணீரில் வாய் வைக்கும். பசித்தால் ராஜாவும் யாரையாவது தின்னும் என்பது வேறு விஷயம். மடுவின் கரையில் மட்டும் எவரையும் தொடாது. அந்தக் காட்டில் ராஜா வேலை என்று இருந்தது அவ்வளவுதான்.

அந்தக் கோடையில்தான் எல்லாக் காடுகளுக்குமான ஓட்டப் பந்தயத்தை எங்கே நடத்துவது என்ற பேச்சு எழுந்தது. முடிவு செய்கிறவை தொலைதூர ஏரியின் நடுவில், நாரைத்திட்டில் வசிக்கும் நாரைகள். மந்திரி நரி ராஜாவின் காதைக் கடித்தது. மற்ற காட்டு ராஜாக்கள் நேரிலேயே போய்க் கேட்கிறார்களாம். பந்தயம் இங்கே வந்துவிட்டால் உலகமே கண்டீரவனின் பேரைச் சொல்லுமாம்.

மருதி என்ற கடமான் இதைக் கேட்டுப் பதறியது. அதன் குட்டி பிறந்து அதிக நாள் ஆகவில்லை. ராஜா இல்லாமல் மடு செந்நாய்கள் வசமானால், தூரத்து நீர்நிலைக்கு நடக்க அதற்குக் கால் போதாது. ராஜாவுக்குப் பதிலாக இருவாச்சிப் பறவையை அனுப்பலாமே, அதற்கு இறக்கையும் உண்டு, வாயும் உண்டு என்று மருதி மன்றாடியது.

"என் முகத்தைப் பார்த்தபின் நாரைகள் மறுக்குமா?" என்றது சிங்கம்.

"முகம் மட்டும் போனால் பரவாயில்லை ராஜா. கர்ஜனையும் கூடவே போகிறதே" என்றது மருதி.

ராஜா கொட்டாவி விட்டது. நரி அதைச் சிரிப்பாக மாற்றக் கற்றுக்கொடுத்தது. பல் தெரியக் கூடாது, உறுமக் கூடாது, நாரைகளுக்கு மெல்லிய நெஞ்சு என்றது. காட்டையே நடுங்க வைத்த தொண்டை, "பெருமக்களே, பெருமக்களே" என்று குழையப் பழகியது. பிறகு இரண்டும் புறப்பட்டன.

நாரைத்திட்டில் சிங்கம் செய்யாத கூத்து இல்லை. முன்னங்காலை மடித்துக் கும்பிட்டது. நாரைக்குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் சுமந்தது. குஞ்சுகள் பிடரியில் எச்சமிட்டன. அதையும் மாலை போட்டதாக எடுத்துக்கொண்டு இளித்தது. நாரைகள் நன்றாக ரசித்துவிட்டுப் பந்தயத்தை எருமைகளின் புல்வெளிக்குக் கொடுத்தன. எருமை ராஜா வரவே இல்லை. ஒரு மைனாவைத்தான் அனுப்பியிருந்தது.

"நான் நேரில் வந்தேனே!" என்றது சிங்கம்.

"வந்தீர்கள், ரொம்ப சந்தோஷம்" என்றது கிழட்டு நாரை. "ஆனால் உங்கள் காடு முழுக்கப் பாறை. ஓடுவதற்குச் சமதரை எங்கே இருக்கிறது?"

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி ஏரியைப் பார்த்தது.

அங்கே காட்டில், முதல் அந்தியில் செந்நாய்கள் காதைத் தீட்டிக் காத்திருந்தன. சத்தம் இல்லை. மறுநாள் தண்ணீரில் கால் நனைத்தன. அதற்குப் பிறகு கரையிலேயே படுத்துக்கொண்டன. உச்சி வெயிலில் மடுவை நெருங்கிய மருதி, தொடையில் ஒரு கடியோடு திரும்பியது. குட்டி, இலைகளில் இருந்த பனியை நக்கியது. வெயில் ஏறியபின் அதுவும் இல்லை. மருதியின் பாலும் வற்றியது.

கடைசியில் ராஜா வந்து சேர்ந்தது. வறண்ட நாக்குகளோடு மான்களும் முயல்களும் பாறையடியில் கூடின. சிங்கம் ஏறி நின்று கர்ஜித்தது. நல்ல கர்ஜனைதான். ஆனால் ஒரு செந்நாயும் எழுந்திருக்கவில்லை.

"இந்த வழியாகப் பறந்து போன நாரைகள் எல்லாம் சொல்லிச் சிரித்தன, ராஜா" என்றது செந்நாய்களின் தலைவன். "குஞ்சுகளைச் சுமந்து களைத்திருப்பீர்கள். இப்படி ஓரமாக வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்."

ராஜா திரும்பி நரியைத் தேடியது. நரி ஏற்கெனவே செந்நாய்களுக்கு நடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மருதி, நிற்கத் தள்ளாடிய குட்டியை முகத்தால் முட்டி எழுப்பி, எருமைகளின் புல்வெளியிலிருந்த தூரத்து நீர்நிலையை நோக்கி நொண்டியபடி நடந்தது. குட்டி விழுந்தபோதெல்லாம் நின்றது, நக்கியது, மறுபடி நடந்தது. பின்னாலேயே முயல்கள் போயின, மற்ற மான்களும் போயின.

"போகாதீர்கள்! அடுத்த பந்தயம் நமக்குத்தான்!" என்று பாறைமேலிருந்து கத்தியது சிங்கம். ஒரு காதுகூடத் திரும்பவில்லை.

குடிகளைக் காக்க வேண்டிய தலைவன் தன் காவலை விட்டுவிட்டு வெளியூரில் பெருமையைக் கெஞ்சிக் கேட்கப் போனால், கேட்டதும் கிடைக்காது, இருந்த மதிப்பும் மிஞ்சாது.