தஸ்நேவிசின் காலித் தட்டு

“மாதா மேல சத்தியம்! கடல் மேல சத்தியம்! இதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தா என் பல்லெல்லாம் இப்பவே கொட்டிரட்டும்!” என்று மொட்டைமாடி அதிரக் கத்தினார் தஸ்நேவிஸ். பல்லெல்லாம் போன வருஷமே கொட்டிவிட்டதால் அந்தச் சத்தியத்தில் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் அவர் குடியிருந்த அடுக்குமாடியின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மூலையில்தான் நாள் முழுக்க வெயில் விழும், உப்புக்காற்றும் அடிக்காது. அந்த மூலையை இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் தஸ்நேவிஸ், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்தி ஓய்வுபெற்ற எப்சிபா டீச்சர். “ரெண்டு பேரும் குட்டித் தக்காளிதானே போடுதீங்க? ஞாயித்துக்கிழமை தட்டுல கொண்டாங்க. ருசி பாத்து முடிவு பண்ணிருவோம்” என்று சொல்லியிருந்தார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குற்றாலிங்கம்.

டீச்சர் தட்டில் ஆறு சிவப்பு, நாலு மஞ்சள். “சிவப்புல புளிப்பும் இனிப்பும் சமமா இருக்கும், ஆனா மழை பட்டா வெடிச்சிரும். மஞ்சள் கொத்துக் கொத்தாக் காய்க்கும், தோலுதான் கொஞ்சம் தடிப்பு” என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

தஸ்நேவிஸ் தட்டில் ஒன்றுமில்லை. அவருடைய பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே, வெயிலையே காணாத ஒற்றைச் செடி. பூத்தது, உதிர்ந்தது, அவ்வளவுதான். கண்ணை மூடுவதற்குள் தன் கையால் வளர்த்த பழம் ஒன்றைத் தின்றுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு அந்த மூலை வேண்டும்.

“சிவப்பு கொண்டுதான் வந்தேன்வே. பித்தளைத் தட்டுல வச்சு மாடிப்படி ஏறினேன். புளிப்புன்னா அப்பிடிப் புளிப்பு! முதப் படியில தட்டு பளபளன்னு மின்னுச்சு, பத்தாம் படியில கண்ணாடியாத் தேஞ்சுச்சு, இருபதாம் படியில நடுவுல ஓட்டை. பழம் விழுந்து போயிருச்சு.”

“கையில இருக்கிற தட்டுல ஓட்டையைக் காணோமே அண்ணாச்சி?” என்றார் குற்றாலிங்கம்.

“இது எவர்சில்வர்வே! மஞ்சளை இதுலதான் வச்சேன். கரும்பு தோத்துரும். ஒத்த எறும்பு வந்து நக்கிட்டு ஊருக்குள்ள போய்ச் சொல்லிருச்சு. திருச்செந்தூர் வரைக்கும் வரிசை! அதுக தண்டவாளத்தைக் கடக்கட்டும்னு ரயிலையே நிறுத்திட்டானுவ.”

“அந்த நேரத்துக்கு ரயிலே கிடையாதே?”

“எப்பிடி இருக்கும்? அதான் இன்னும் அங்கயே நிக்குதே!”

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கறுப்பு ரகம்?” என்று எடுத்துக் கொடுத்தார்.

“அப்பிடிக் கேளுங்க! சுட்ட கருவாடு மாதிரி ஒரு புகை ருசி. கொடி பால்கனியைத் தாண்டிச்சு, தெருவைத் தாண்டிச்சு, துறைமுகத்துல நின்ன கப்பல்ல போய்ச் சுத்திக்கிருச்சு. கப்பல் கிளம்பிப் போயிருச்சு. இப்ப நான் இங்க தண்ணி ஊத்துதேன், கொழும்புல எவனோ பறிச்சுத் திங்கான்!”

“இத்தனையும் அந்த இருட்டுப் பால்கனியிலயா அண்ணாச்சி?”

“பின்னே? வெயில்னா என்னன்னே தெரியாது அதுகளுக்கு!”

“அப்ப இந்த மூலை உங்களுக்கு எதுக்கு? என் செடிதான் பாவம், வெயில் இல்லாட்டி காய்க்க மாட்டேங்குது.”

குற்றாலிங்கம் ஆமென்று தலையாட்டி, மூலையை டீச்சருக்கே எழுதிவிட்டார். தஸ்நேவிஸ் மறுத்துப் பேச வாயைத் திறந்தார்.

திறந்த வாயில் டீச்சர் ஒரு சிவப்புத் தக்காளியைப் போட்டார். பொக்கை வாயில் அது பொசுக்கென்று உடைந்தது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சப்பினார். பிறகு டீச்சர் கொண்டுவந்திருந்த செடிப்பையைத் தாமே தூக்கிக்கொண்டு தொட்டி மூலைக்கு நடந்தார்.

பாதி வழியில் தெம்பு திரும்பிவிட்டது.

“டீச்சர், உங்க நல்லதுக்குச் சொல்லுதேன்” என்று குரலைத் தாழ்த்தினார். “இந்த மூலையில தக்காளி வச்சா வேரு தொட்டிக்குள்ள போயிரும். அப்புறம் எல்லா வீட்டுக் குழாயிலயும் ரசந்தான் வரும். குளிக்கக்கூட வழியில்லை!”

“நல்லது அண்ணாச்சி. பெருங்காயம் மட்டும் வாங்கினாப் போதும்.”

தஸ்நேவிஸ் பையை இறக்கிவைத்துவிட்டு, யாரும் வருகிறார்களா என்று படிப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“அதுவும் வேண்டாம், மூணாவது மாடிக் குழாயில இப்பவே பெருங்காயத்தோடதான் வருது. ஆனா ஒண்ணு, நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் மூச்சு விட்டுராதீங்க!”