அடைபட்ட பரிசல் வழி

பரிசுக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகளை நிறையக் கேட்டிருப்பீர்கள். பழிக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதை இது. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பு உங்களிடம்தான் வரும்.

காவிரிக் கரையில், பரிசலையும் வலையையும் நம்பிப் பிழைக்கும் ஒரு சிற்றூர். அங்கே கட்டுப்பாடுகள் இரண்டே. ஆற்றை எவரும் வலையால் முழுக்க அடைக்கக் கூடாது. ஒரு பரிசல் போகும் அகலம் திறந்திருக்க வேண்டும். மீறினால் என்ன தண்டனை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. மற்றொன்று, வலையில் கத்தி வைத்தவர், ஈடாகப் புது வலை பின்னி முடிக்கும் வரை ஆற்றில் இறங்கக் கூடாது.

அந்தக் கோடையில் ஆறு சுருங்கி ஒற்றை ஓட்டமாகப் போனது. மீனும் அருகிவிட்டது. ஆண்களில் பாதிப் பேர் செங்கல் சூளைக்கும் தறிக்கும் போனார்கள். கோவிந்தியின் கணவனும் போனான். கரையில் நின்று மீன் விற்றுக்கொண்டிருந்த கோவிந்தி, தானே வலை பின்னி, தானே ஆற்றில் இறங்கினாள். பொம்பளை வலையில் மீன் விழுமா என்று சிரித்தவர்களுக்கே கெண்டையைக் கொடுத்து வாயை அடைத்தவள் அவள். ஆனாலும் ஆற்றில் இல்லாததை யார் பிடிப்பது? அவள் வீட்டு அடுப்பில் பூனை தூங்கத் தொடங்கியது. ஒரு நாள் மட்டும்தானே என்று நினைத்து, வலையை இக்கரையிலிருந்து அக்கரை வரை இழுத்துக் கட்டிவிட்டாள். பரிசல் வைத்திருக்கும் மாதையன் அதைப் பார்த்தார். அவள் வீட்டு நிலைமை தெரிந்தவர் என்பதால், பார்க்காதவர்போல் இருந்துவிட்டார்.

அன்று பிற்பகல், மாதையனிடம் இரவல் வாங்கிய பரிசலில் கோவிந்தியின் பக்கத்து வீட்டுச் சித்தன் அக்கரையிலிருந்து வந்தான். கூடவே பிரசவம் முடிந்த மனைவியும், இன்னும் பெயர் வைக்காத பெண் குழந்தையும். நடு ஆற்றில் ஓட்டம் இழுக்க, பரிசல் வலையில் போய்ச் சிக்கியது. மேற்கே பெய்த மழைத் தண்ணீரும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. வலை பிடித்து நிறுத்த, தண்ணீர் விளிம்பைத் தாண்டிப் பரிசலுக்குள் விழுந்தது.

“வலைய வெட்டுடா!” என்று கரையிலிருந்து கத்தினார் மாதையன்.

சித்தனின் இடுப்பில் கத்தி இருந்தது. “கோவிந்தியக்கா வலைங்க மாமா” என்று சொல்லிக்கொண்டே அவன் கையால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவனைத் திட்டத் தோன்றுகிறதா? எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த வலையின் ஒவ்வொரு முடிச்சும் விழுந்ததைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவன் அவன்.

நீந்தி வந்த கோவிந்தி, அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினாள்.

“வல போனா பின்னிக்கலாம் தம்பி. நீ புள்ளையப் புடி.”

வெட்டினாள். பரிசல் கரை சேர்ந்தது. வலையை ஆறு கொண்டுபோனது.

மறுநாள் காலை ஊர் கூடியது. வழியை அடைத்ததும் நான், கத்தி வைத்ததும் நான், ஆற்றை விட்டு ஏறுகிறேன் என்றாள் கோவிந்தி. கத்தி என்னுடையது, காப்பாற்றியது என் குழந்தையை, நான்தான் ஏற வேண்டும் என்றான் சித்தன். அடைத்ததைப் பார்த்தும் வாயைத் திறக்காதவன் நான் என்றார் மாதையன். இத்தனைக்கும், ஆற்றில் இறங்காவிட்டால் மூன்று வீட்டிலும் உலை வைக்க வழியில்லை.

சொல்லுங்கள், ஆற்றை விட்டு ஏற வேண்டியவர் யார்?

யாருமில்லை என்பதுதான் ஊர் சொன்ன பதில். கத்திக் கட்டுப்பாடு அடுத்தவர் வலையைக் காப்பதற்காக வந்தது. கோவிந்தி வெட்டியது தன் வலையை. வழியை அடைத்தது தப்புதான். ஆனால் அதற்கு ஏன் தண்டனை வைக்கவில்லை? அந்த ஊரில் யாருக்கும் அதுவரை வழியை அடைக்கும் அளவுக்கு வயிறு காய்ந்ததில்லை. அவளைக் காயவிட்டதில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று ஊர் வெட்கப்பட்டது. மூவரும் சேர்ந்து புது வலை பின்ன உட்கார்ந்தார்கள். சித்தன் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நூல் எடுத்துக் கொடுத்தாள். வேலை முடியும் முன்பே கோவிந்தி கையை நிறுத்தி, “இவ்வளவு போதும்” என்றாள். அளந்து பார்த்தார்கள். பழைய வலையைவிட ஒரு பரிசல் அகலம் குறைவாக இருந்தது.