பதினாலு வாரமும் ஒரே கதை

"சிஸ்டர், இந்த பேட்ஜை வாங்கிக்கிடுங்க. இனிமே என்னால முடியாது."

ஞானப்பூ சேலையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். ஆலயத்தின் பக்கத்து அறையில் ஐரின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

துக்கத்தில் இருப்பவர்களோடு வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, அந்தச் சபையில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்தவள் ஐரின். ஒருவருக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. இருபது வாரப் பயிற்சியில் ஞானப்பூ ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஐரினைவிட அவளுக்குப் பன்னிரண்டு வயது கூடுதல்.

"என்னக்கா ஆச்சு?"

"போற இடத்துல பதினாலு வாரமா ஒரே கதை. அந்தம்மா வேற எதுவும் பேசுறதில்ல."

"எந்தம்மா?"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

"சரி, சொல்லாதீங்க."

"உங்களுக்குத் தெரியாதாக்கும்! என்னை அங்க அனுப்பினதே நீங்கதான்."

ஐரின் இன்னொரு நாற்காலியை அடுக்கினாள். "என்ன கதை?"

"வீட்டுக்காரர் செத்த கதைதான். காலையில நெஞ்சு வலின்னாராம். ஆட்டோ பிடிச்சாங்களாம். ஆட்டோவுல இருந்து ஒரு செருப்பு விழுந்துட்டாம். ஆஸ்பத்திரியில லிப்ட் வேலை செய்யலையாம். மூணு மாடி ஏறினாங்களாம். அவரை உள்ள கொண்டு போயிட்டாங்களாம். இவங்க வெளியில பெஞ்சுல இருந்தாங்களாம். நர்ஸ் வந்து இவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச்சாம். அந்த இடம் வந்ததும் அழுகை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் ஜெபம் பண்ணுவேன். பத்து நிமிஷம், உருக்கமா. அந்தம்மா ஆமென்னு சொல்லும். காப்பி கொடுக்கும். வந்துடுவேன். அடுத்த புதன்கிழமை போனா மறுபடியும் ஆட்டோ, செருப்பு, லிப்ட். அந்த மாடி ஏறி ஏறி எனக்கே மூச்சு வாங்குது சிஸ்டர்."

ஐரினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. எட்டு மாசமா அந்தம்மா வாசலைத் தாண்டல. கோயிலுக்கு வரல. என்னைத் தவிர ஒருத்தரும் அங்க போறதில்ல. நானும் போயி ஒரு பிரயோஜனமும் இல்ல. எட்டாம் வகுப்போட நின்னவ நான். படிச்சவங்க யாரையாவது அனுப்புங்க."

"படிச்சவங்க போனா கதை மாறிடுமா?"

ஞானப்பூ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றினாள்.

"அது மட்டும் இல்ல சிஸ்டர். யார்கிட்டயும் சொல்லல. போன மாசம் எங்க வீட்டுக்காரருக்கு வயித்து வலி. ஸ்கேன் எடுத்தாங்க. ஏதோ தெரியுது, ரிசல்ட் வர மூணு நாளாகும்னு சொல்லிட்டாங்க. நான் அந்த மூணு நாளும்..."

"ஜெபிப்போமா அக்கா," என்றாள் ஐரின்.

சேலையைத் தலைக்கு இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். ஜெபித்தாள்.

நல்ல ஜெபம். குரல் ஏறி இறங்கியது. சங்கீதத்திலிருந்து இரண்டு வசனம் வந்தது. வியாதியஸ்தர்களுக்காக, விதவைகளுக்காக, தேசத்துக்காக. பத்து நிமிடம் ஓடியது.

"ஆமென்," என்று எழுந்து, ஐரின் அடுத்த நாற்காலியைத் தூக்கினாள்.

ஞானப்பூவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"என்ன சிஸ்டர் இது? நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்! ஸ்கேன்ல என்ன வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? வாயை அடைக்கிற மாதிரி ஒரு ஜெபத்தைப் பண்ணிட்டு, நாற்காலி அடுக்கப் போயிட்டீங்க. இதுவா நீங்க எங்களுக்கு..."

நிறுத்திவிட்டாள்.

ஐரின் தூக்கிய நாற்காலியை ஞானப்பூவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்கேன்ல என்ன வந்துச்சுக்கா?"

"கல்லுதான்."

"அந்த மூணு நாளு?"

ஞானப்பூ அழுதாள். ஐரின் கண்ணை மூடவில்லை.

வெகுநேரம் கழித்து ஞானப்பூ முகத்தைத் துடைத்துக்கொண்டு பேட்ஜை எடுத்தாள். "இந்தப் புதன்கிழமையோட சரி," என்றாள், எரிச்சல் குறையாமல்.

புதன்கிழமை நேசபாய் கதவைத் திறந்தாள்.

நெஞ்சு வலி. ஆட்டோ. செருப்பு. லிப்ட். மூன்று மாடி. பெஞ்சு. நர்ஸ் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

நேசபாய் அழுதாள். பிறகு வழக்கம்போல் முந்தானையைத் தலையில் போட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

ஞானப்பூவின் நாக்கு நுனியில் 'பரலோகப் பிதாவே' வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு நிமிடம் போனது. நேசபாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"என்ன, இன்னைக்கு ஜெபம் இல்லையா?"

"நர்ஸ் கூப்பிட்டாங்க," என்றாள் ஞானப்பூ. "அப்புறம்?"

நேசபாய் அவளையே பார்த்தாள். முந்தானை தலையிலிருந்து சரிந்தது.

"இங்க நேசபாய் யாரு, உள்ள அவரு பார்க்கணும்னு சொல்லுறாருன்னு அந்தப் பிள்ளை கேட்டுச்சு."

"ம்."

"எனக்குப் பயமா இருந்துச்சு. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."