பள்ளத்தோரத்துச் சண்டை

ஒரு காட்டில் செம்பன் என்றொரு இளம் கடமான் இருந்தது. அதன் அப்பாவைச் சென்ற ஆண்டு கருங்கொம்பன் என்ற மான் முட்டிக் கொன்றிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, செம்பனின் அப்பா கருங்கொம்பனின் அப்பாவைக் கொன்றிருந்தது. இப்போது செம்பனின் முறை! அந்தக் கூட்டத்தில் இதற்குப் பெயர் மானம், குழந்தைகளே.

கொம்பு முற்றியதும் செம்பன் சண்டைக்கு அழைத்துவிட்டது. ஆனால் கருங்கொம்பனின் உடம்பைப் பார்த்தாலே அது இரண்டடி பின்வாங்கியது.

இது நரியின் கண்ணில் படாமல் இருக்குமா? குழைந்துகொண்டு வந்தது.

"தம்பி, வழக்கப்படி, சண்டைக்கு அழைக்கப்பட்ட உன் எதிரி ஆழமான பள்ளத்தின் ஓரத்தில்தானே நிற்பான்? அங்கே அடிமண்ணைப் பறித்து வைக்கிறேன். நீ லேசாக முட்டினால் போதும், மண்ணோடு சரிந்துவிடுவான்."

"அது ஏமாற்று வேலை அல்லவா?"

"செத்துப்போன அப்பாவைவிட அது பெரிதா?"

செம்பன் சரியென்று தலையை ஆட்டிவிட்டது.

மறுநாள் காலை மான்கள் எல்லாம் கூடின. கருங்கொம்பன் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்றது. சண்டைக்கு முன் இரண்டு மான்களும் தத்தம் அப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் வழக்கம்.

"நான் வீரையனின் மகன்" என்றது செம்பன்.

"நான் மாசாணனின் மகன்" என்றது கருங்கொம்பன். "செம்பா, உன் அப்பாவைக் கொன்றால் என் துக்கம் தீரும் என்று நினைத்தேன். தீரவில்லை. உன்னையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. சரி, இனி நீ வரலாம்."

செம்பனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா இல்லாமல் தவிக்கும் இவனையா தள்ளிவிடப் பார்த்தேன்? உண்மையைச் சொன்னால் கூட்டமே காறித் துப்பும். சொல்லாவிட்டால் இவன் உயிர் போய்விடும்.

"அண்ணா, முன்னால் தாவு! உன் காலடியில் மண் இல்லை. நரிதான் பறித்தது, ஆனால் சம்மதித்தவன் நான்!"

கருங்கொம்பன் ஒரே தாவாகத் தாவியது. அது நின்ற இடம் பொலபொலவென்று சரிந்தது. கீழே விருந்துக்குக் காத்திருந்த நரி, வாய் நிறைய மண்ணோடு ஓட்டம் பிடித்தது.

"சீ, கோழை!" என்று ஒரு கிழ மான் செம்பனைப் பார்த்துக் காறித் துப்பியது.

"யார் கோழை?" என்று சீறியது கருங்கொம்பன். "இத்தனை பேர் முன்னால் தன் குற்றத்தைச் சொல்ல உங்களில் யாருக்குத் துணிச்சல் உண்டு? நீ என்னோடு வா, தம்பி."

அன்று இரண்டும் ஒரே புல்வெளியில் வயிறு நிறைய மேய்ந்தன. அதைப் பார்த்து மற்ற மான்களும் பழிக்குப் பழி வாங்கும் வழக்கத்தை விட்டன. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் எந்த மான்குட்டியும் சண்டையில் அப்பாவை இழக்கவில்லை.

நீதி: செய்த தவற்றை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்பவனே மானமுள்ளவன்.