சிப்பி ஏன் வாயை மூடிக்கொண்டது

உயிர்கள் எல்லாம் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஓர் அடுப்பு இருந்தது. அதை மூட்டும் வழி பதின்மூன்று மணி கோத்த வட்ட மாலையில் இருந்தது. முதல் மணி ஊதச் சொல்லும், இரண்டாவது கிளறச் சொல்லும். ஒரு மணி குறைந்தாலும் தீ பற்றாது. பிள்ளை பிறந்தால் அம்மா கோத்த மாலைதான் கழுத்தில் ஏறும். அப்பனும் முறைக்கு ஒன்று கோப்பான். அதை அவனே வாசலில் கடித்துத் துப்பிவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பாறைச் சிப்பி நாரனுக்கும் அவன் மனைவி பவளாயிக்கும் வெகுநாள் கழித்து ஒரு மகன் பிறந்தான். நாரன் தன் மாலையைக் கடிக்கப் போன நேரம் பார்த்து ஓர் அலை அடித்தது. பவளாயி கோத்த மாலை அறுந்து, ஐந்து மணிகள் கடலோடு போயின. இன்னொன்று கோக்க ஒரு பகல் ஆகும். பிள்ளையோ சில்லிட்டுக்கொண்டிருந்தான்.

நாரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிப்பிக்கு ஏது கை என்று என்னைக் கேட்காதீர்கள். தன் மாலையை அறுத்து அவள் மணிகளோடு கொட்டினான். பாறையைப் பிடித்திருந்த தன் நாரில் ஒன்றை உருவிக் கோத்தான். மூன்றாம் இடத்துக்கு யாருடையதோ ஒரு மூன்றாம் மணி. அதற்கு மேல் பார்க்க நேரமில்லை.

"என்னங்க, இதுல எது என்னோடது?" என்றாள் பவளாயி.

"தெரியல புள்ள. அடுப்பு எரியுதா பாரு."

எரிந்தது. ஆனால் செய்தது சரியா தப்பா என்று நாரனுக்கே விளங்கவில்லை.

மறுநாள் குலம் விசாரிக்கும் நண்டு வந்தது. குலம் தெரியாத பிள்ளைக்குப் பாறையில் இடம் கிடையாது. நண்டு மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அம்மா குலம் என்றால் ஒரு மணி இடித்தது, அப்பன் குலம் என்றால் அடுத்த மணி இடித்தது. அதற்குத் தலை சுற்றியது.

"நீயே சொல்லு தம்பி. நீ யாரு வீட்டுப் புள்ள? யாரு வீடும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா இப்பவே பாறைய விட்டு எறக்கி விட்டுடுவேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தான். அப்பனைப் பார்த்தான். ஒருவரைச் சொன்னால் இன்னொருவர் முகம் வாடும். திறந்த வாயை அப்படியே இறுக மூடிக்கொண்டான். நண்டு அலை ஏறி இறங்கும்வரை காத்திருந்தது. பதில் வராததால் என்ன தீர்ப்புச் சொல்வது என்று தெரியாமல் பக்கவாட்டில் நடையைக் கட்டியது. நாரன் அப்போதுதான் மூச்சு விட்டான்.

அன்று முதல் சிப்பிக் குலத்தில் அப்பன் மாலையைத் துப்புவதில்லை. யார் தொட்டாலும் சிப்பி சட்டென்று வாயை மூடிக்கொள்வதும் அன்றிலிருந்துதான். அந்தக் கேள்வியைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அதற்கு இன்னும் பயம்.