பங்கு போட்ட பக்கவிளைவு

தொம்மை அண்ணன் எங்கள் வள்ளத்தைக் கொண்டுபோய் அடுத்த வள்ளத்தில் மோதினபோது அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாகப் பார்க்கணும் என்பது அவருக்கு விழுந்த பங்கு. எதிரே நின்ற ஒரு வள்ளத்தை ரெண்டாக எண்ணி, நடுவால் போகப் பார்த்தார்.

"நடுவுல வழி இருந்துச்சுலே," என்றார்.

வியாதி எங்கள் வள்ளத்து ரோச் அண்ணனுக்கு. வலிப்பு. ரெண்டாவது தடவை நடுக்கடலிலேயே வந்தது. தண்ணியில் விழுந்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார். டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, "வலிப்பு நின்னு, நான் சரின்னு சொல்ற வரைக்கும் கடல் கிடையாது" என்றுவிட்டார். ரோச் அண்ணனுக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் வள்ளத்து மத்த ஆட்கள் நாங்கள் நாலு பேரும் கூடப் போய்க் கவனமாகக் கேட்டோம். அதுதான் வினை.

"மூளையில எல்லா நரம்பும் ஒரே நேரத்துல கூச்சல் போடுது. மாத்திரை அதை அமர்த்தும்," என்றார் டாக்டரம்மா.

"நம்ம மீன் ஏலம் மாதிரி," என்றார் தொம்மை அண்ணன்.

"அதேதான். ஆரம்பத்துல தூக்கம் வரலாம், நடை தள்ளாடலாம், மறதி வரலாம், ரெண்டு ரெண்டாத் தெரியலாம். எல்லாம் ஒரே ஆளுக்கு வராது."

பஸ் ஸ்டாண்டில் இஞ்ஞாசி மாமா கேட்டார்: "ஒரே ஆளுக்கு வராதுன்னா, மிச்சம் யாருக்குலே வரும்?"

நியாயமான கேள்வி.

"வேற யாரு வருவா? ஒரே வள்ளத்துக்காரங்க நாமதான் ஏத்துக்கணும்," என்றார் சிலுவைச் சித்தப்பா.

மீனைப் போடுகிற மாதிரியே பங்கு போட்டோம். மாமாவுக்குத் தூக்கம், சித்தப்பாவுக்குத் தள்ளாட்டம், எனக்கு மறதி. தூக்கம் கொழுத்த பங்கு என்று சித்தப்பா ரெண்டு நாள் முறைச்சுக்கிட்டே இருந்தார்.

ஐஸ் பெட்டியைத் தூக்கின சித்தப்பா தள்ளாடிப் பெட்டியோடு கடலுக்குள் போனார். மேலே வந்ததும், "சரியாத் தள்ளாடினேனா?" என்று கேட்டார். மாமா வலை மேலேயே தூங்கினார். வலையை விட்டோம், அவரும் சேர்ந்து போனார். இழுத்தபோதும் கண்ணைத் திறக்கலை. பொறுப்பான மனுஷன். நான் மறுநாள் வலை விட்ட இடத்தையே மறந்தேன். சாயங்காலம் வரை தேடியும் கிடைக்கலை. "மறதின்னா இது மறதி!" என்று முதுகில் தட்டினார்கள்.

ரோச் அண்ணன் மட்டும் கரையில் தெளிவாக உட்கார்ந்திருப்பார். தூக்கம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. பார்க்கவே எங்களுக்குப் பெருமை.

எட்டாம் நாள் மணலிலேயே அவருக்கு வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தோம், வாயில் எதையும் திணிக்கலை. அது ஒண்ணைத்தான் உருப்படியாகச் செய்தோம். தெளிந்ததும் அழுதார். "இனி எனக்குக் கடல் இல்லையாலே?"

ஆஸ்பத்திரியில் தொம்மை அண்ணன் சண்டைக்கே போய்விட்டார்.

"வள்ளத்தை உடைச்சோம், வலையைத் தொலைச்சோம், எங்க பக்கம் ஒரு குறை வைக்கலம்மா. உங்க மாத்திரைதான் வேலை செய்யல!"

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு ரோச் அண்ணன் பக்கம் திரும்பினார். "மாத்திரையை ஒழுங்கா முழுங்குனீங்களா?"

"நானா? நான் எப்படிம்மா முழுங்குவேன்? கடலுக்கு வராதவனுக்கு எங்க வள்ளத்துல எதுலயும் பங்கு கிடையாதே."

நாங்கள் நாலு பேரும் தலையாட்டினோம். வழக்கம் அப்படித்தான்.

ரோச் அண்ணன் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு முழுங்கச் சொல்லியிருந்தது. ஒண்ணைக்கூடப் பிய்க்கலை.