குன்றில் நின்ற தலைவன்

குரு சீடன் கதை என்றால் சீடனுக்குத்தான் வயது குறைவாக இருக்கும். வெயிலுமுத்து அண்ணாச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். குரு ஜெசிந்தாவுக்கு இருபத்து நான்கு வயது.

தூத்துக்குடியில் ஒரு பேக்கரியின் மாடியில் கம்ப்யூட்டர் விளையாட்டு நிலையம் இருந்தது. அங்கே சொல்லிக்கொடுப்பவள் ஜெசிந்தா. அண்ணாச்சிக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. சாயங்காலமானால் கல்லாவை மச்சினனிடம் விட்டுவிட்டு மாடி ஏறிவிடுவார். இந்த வயதில் இவருக்கு என்ன விளையாட்டு என்று ஊர் சிரித்தது. சிரிப்பவர்களில் ஒருவன்கூட 'வேதாளக்கோட்டை'யில் அவரை எதிர்த்துக் கால் மணி நேரம் நிற்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும்.

வேதாளக்கோட்டையில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை. மரம் வெட்டி, கல் சுமந்து, கோட்டை கட்டி, படை திரட்டி எதிராளியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். நீ ஆடி முடி, நான் ஆடுகிறேன் என்கிற மரியாதையெல்லாம் கிடையாது, இருவரும் சேர்ந்தே ஆடுவார்கள். கூடவே ஒரு தலைவனை வளர்க்க வேண்டும். காட்டில் பூதங்களையும் வேதாளங்களையும் வெட்ட வெட்ட அவனுக்கு அனுபவம் ஏறும். உடம்பு பெருக்கும், வாளில் தீப்பிடிக்கும்.

தலைவன் பக்கத்தில் நின்றால் அந்தச் சண்டையின் அனுபவம் முழுக்க அவனுக்கே. அவன் தள்ளி நின்றால்தான் வீரர்களுக்குக் கிடைக்கும். அப்படித் தேறிய வீரன் தலையில் சிவப்புத் தலைப்பாகை ஏறும்.

அண்ணாச்சியின் படையில் சிவப்புத் தலைப்பாகையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய தலைவன் வெயிலான் பாதி ஆட்டத்துக்குள் பனை உயரம் வளர்ந்துவிடுவான். அவன் நடந்தால் திரை அதிரும்.

ஒருநாள் அண்ணாச்சி கேட்டார்.

"டீச்சர், வெயிலான் மாதிரி ஒரு தலைவன் இந்த ஜில்லாவுல எவன்கிட்ட இருக்கான்?"

"யார்கிட்டயும் இல்ல அண்ணாச்சி."

"பொறவு ஏன் பெரிய போட்டியில எல்லாம் கடைசியில தோத்துப்போறேன்?"

ஜெசிந்தா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாங்க, ஒரு ஆட்டம் போடுவோம்."

ஆட்டம் தொடங்கியதும் அவள் தன் தலைவனைக் கோட்டைக்குப் பின்னால் இருந்த குன்றின்மேல் ஏற்றி நிறுத்தினாள். அப்புறம் அவனைத் தொடவே இல்லை. ஓரக்கண்ணால் அவள் திரையைப் பார்த்த அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது.

"என்னைக் கேலி பண்ணுதீங்களா டீச்சர்?"

"உங்க திரையைப் பாத்து ஆடுங்க அண்ணாச்சி."

அவளுடைய வீரர்கள் சின்னச் சின்னக் கூட்டமாகக் காட்டுக்குள் போனார்கள். பூதத்திடம் அடி வாங்கினார்கள். சிலர் திரும்பவில்லை. திரும்பியவர்கள் தலையில் சிவப்பு ஏறியிருந்தது. கடைசியில் வெயிலான் தீவாளோடு அவள் கோட்டை வாசலுக்கு வந்தான். பாதித் தலைப்பாகைகள் அவனை வாசலிலேயே மறித்துக்கொண்டன. மீதிப் பேர் சுற்றிப் போய் அண்ணாச்சியின் கோட்டையில் ஏறினார்கள். அங்கே காவலுக்கு இருந்தவர்களுக்கு ஈட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. கொடி விழுந்தது.

"உங்க தலைவன் ஒண்ணுமே செய்யலையே!" என்றார் அண்ணாச்சி.

"இருக்கிறதுலயே கஷ்டமான வேலையை அவன்தான் செஞ்சான். நாளைக்கு வெயிலானை நிறுத்திப் பாருங்க."

மறுநாள் நிறுத்தினார். ஒரு பூதம் உறுமியதும் கை தானாகப் போய் வெயிலானை இறக்கிவிட்டது. அதற்கடுத்த நாளும் அதே கதைதான். "ஆளுக சாவுதானுவளே டீச்சர், எப்படி பாத்துக்கிட்டு இருக்க?" என்று புலம்பினார்.

அதன்பிறகு ஜெசிந்தா அவருக்குப் பின்னால் உட்காரத் தொடங்கினாள். அவர் கை வெயிலானை அழைக்கப் போகும்போதெல்லாம் நாற்காலியின் முதுகில் விரலால் ஒரு தட்டு தட்டுவாள். கை நின்றுவிடும். போட்டிகளில் பயிற்சியாளர் பின்னால் உட்காரலாம், பேசக் கூடாது என்பது விதி. தட்டக் கூடாது என்று விதியில் இல்லை.

அண்ணாச்சி ஜெயிக்க ஆரம்பித்தார். திருநெல்வேலியில் ஜெயித்தார். நாகர்கோவிலில் ஜெயித்தார். மதுரையில் நடக்கும் மாநில இறுதிப் போட்டிக்குத் தேர்வானார்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் ஒருவன் அவர் காதுபடவே சொன்னான்.

"விரலுதான் அண்ணாச்சியோடது. மூளை அந்தப் பிள்ளையோடது."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்துவைத்தார். ஆனால் அன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவன் சொன்னது பொய் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். அது நிஜமாக இருந்துவிடுமோ என்பதுதான் அவர் பயம். மதுரையில் கோப்பை கிடைத்தாலும் அது யாருடைய கோப்பை என்று அவருக்கே தெரியாமல் போய்விடும்.

மதுரை மண்டபம் நிறைந்திருந்தது. எதிரே கோயம்புத்தூர்க்காரன், பெயர் கௌதமன், அவர் மகன் வயதுதான் இருக்கும். ஆட்டம் சூடு பிடித்தது. வெயிலான் குன்றில் நின்றான். கௌதமனின் தலைவன் மூன்று தலைப் பூதத்தின்மேல் ஏறிக்கொண்டு வந்தான். அண்ணாச்சியின் முன்வரிசை வைக்கோல் மாதிரி எரிந்தது.

கை வெயிலானை நோக்கிப் போனது.

தட்டு விழவில்லை.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. ஜெசிந்தாவைக் காணோம்.

முதலில் பயம் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இந்த நேரத்தில் கைவிட்டுவிட்டுப் போகலாமா என்று நெஞ்சு கொதித்தது. திரையில் அவருடைய ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். வெயிலானை இறக்கினால் இந்த வரிசை பிழைக்கும். ஆனால் அப்புறம் வருகிற ஒரு சண்டையிலும் அவர்கள் தனியாக நிற்க மாட்டார்கள். இது டீச்சர் சொன்னதில்லை. அவருக்கே அந்த நிமிஷம் தெரிந்தது.

கையை இழுத்துக்கொண்டார்.

"நில்லுங்கலே," என்றார் திரையைப் பார்த்து. "நில்லுங்க, என் ராசா."

நின்றார்கள். ஒரு தலைப்பாகை சிவந்தது. பக்கத்தில் இன்னொன்று சிவந்தது. அப்புறம் வரிசையாகச் சிவந்துகொண்டே போனது. பூதம் சரிந்தது. கௌதமனின் தலைவன் தனியாகத் தரையில் நின்று வாள் வீசிக்கொண்டிருக்க, தலைப்பாகைகள் அவனைத் தாண்டிப் போய் அவன் கோட்டையில் ஏறின. கொடியை நட்டவன் பெயரில்லாத ஓர் ஈட்டிக்காரன்.

மேடையில் "வெயிலுமுத்து, தூத்துக்குடி" என்று கூப்பிட்டார்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது. கௌதமன் வந்து அவர் கையைப் பிடித்து, "சார், என்ன நெஞ்சுரம் சார் உங்களுக்கு!" என்றான். அண்ணாச்சிக்குப் பெருமை பிடிபடவில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் இப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை. கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

கூட்டம் கலைந்தபோது ஜெசிந்தா பால்கனிப் படிக்கட்டில் இறங்கி வந்தாள். முகம் கொள்ளாத சந்தோஷம். கண் மட்டும் சிவந்திருந்தது.

அண்ணாச்சி கோப்பையோடு அவள்முன் போய் நின்றார். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

"எங்க போனீங்க டீச்சர்? திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். ஈரக்குலை நடுங்கிப்போச்சு எனக்கு."

"வெயிலான் எங்க நின்னான் அண்ணாச்சி?"

"குன்று மேல."

"இறங்கினானா?"

"இறக்கல. கை பரபரன்னு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

ஜெசிந்தா பால்கனியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானும் அங்கதான் நின்னேன். ரெண்டு தடவை பாதிப் படி வரைக்கும் இறங்கிட்டேன், அண்ணாச்சி."